அடைப்பு ஓரிடம், கசிவு வேறிடம்: கல்லீரல் நோயில் எதிர்பாராத இடங்களில் இரத்தம் வருவது எப்படி?

பழைய அடுக்குமாடி வீடுகளில் சமையலறைத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பாத்திரம் துலக்கும் சிங்க், கிரைண்டர் கழுவும் மூலை, வாஷிங் மெஷின் குழாய், பால்கனியின் தரை ஜாலி எல்லாம் சுவருக்குள் எங்கோ ஒரே பைப்பில் போய்ச் சேர்கின்றன. அந்தப் பைப் தெருச் சாக்கடையை அடையும் முன் ஒரு சேம்பரைக் கடக்கிறது. கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் வருடக்கணக்கில் படிந்து சேம்பர் மெல்ல அடைபடுகிறது. பிறகு ஒரு நாள் சிங்கில் குழாயைத் திறந்தால் பால்கனி ஜாலியில் தண்ணீர் பொங்கி வருகிறது. அல்லது எப்போதோ ஒட்டுப்போட்ட இணைப்பில் சொட்டுகிறது. அல்லது கூடத்துச் சுவரில் ஓதம் ஏறுகிறது. வீட்டுக்காரர் பால்கனியைத் துடைக்கிறார், சுவருக்கு வெள்ளையடிக்கிறார். விவரம் தெரிந்த பிளம்பர் இவை எதையும் தொடாமல் நேராகச் சேம்பர் மூடியைத் திறக்கிறார்.

நாள்பட்ட கல்லீரல் நோயில் நடக்கும் இரத்தக்கசிவைப் புரிந்துகொள்ள இந்தப் பைப் வரைபடம் போதும். அடைப்பு கல்லீரலில் இருக்கிறது. இரத்தம் வருவதோ வாய் வழியாக, ஆசனவாய் வழியாக, தொப்புள் வழியாக, பழைய அறுவைத் தழும்பின் அருகிலிருந்து, சில நேரம் வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே. வந்த இடத்தை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் நோயாளியை இழக்க நேரும்.

முதலில் பைப்பைப் பார்ப்போம். இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் இரத்தம் நேரடியாக இதயத்துக்குப் போவதில்லை. கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் மண்ணீரல் சிரையும் குடல் சிரையும் கூடி உருவாகும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இந்தச் சிரை கொண்டுவருவது. அங்கே அது சத்தும் நஞ்சும் பிரிக்கப்பட்டு, மேலே சென்று பெருஞ்சிரையில் கலக்கிறது. இவ்வளவு இரத்தம் ஓடினாலும் அழுத்தம் மிகக் குறைவு. கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு இயல்பாக 1 முதல் 5 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். கையில் பட்டி கட்டி எடுக்கும் 120/80 என்ற கணக்கின் பக்கத்தில் வைத்தால் இது எவ்வளவு மெல்லிய ஓட்டம் என்பது விளங்கும்.

இந்தப் பைப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. கால் சிரைகளில் இரத்தம் பின்னோக்கி ஓடாதபடி தடுக்கும் வால்வுகள் இருக்கின்றன. போர்ட்டல் சிரையிலும் அதன் கிளைகளிலும் வால்வே கிடையாது. முன்னால் வழி அடைபட்டால் இரத்தம் தயங்காமல் வந்த வழியே திரும்பும். இந்நோயில் வரும் விசித்திரமான கசிவுகள் அத்தனைக்கும் இந்த உடற்கூற்று உண்மையே அடிப்படை.

மது, மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள், கொழுப்புக் கல்லீரல் என்று காரணம் எதுவாக இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் காயப்பட்ட கல்லீரலில் தழும்புத் திசு வளர்கிறது. இரத்தம் ஊடுருவும் நுண்வழிகள் இறுகுகின்றன. இது சேம்பரில் படியும் பிசுக்கு. ஆனால் அடைப்பு முழுவதும் தழும்பினால் வருவதில்லை. ஏறத்தாழ கால் பங்கு, நுண்வழிகளைச் சுற்றியுள்ள செல்கள் சுருங்கிப் பிடிப்பதால் வருகிறது. அந்தப் பங்கை மருந்தால் தளர்த்த முடியும்.

அழுத்தம் ஏறுவதற்கு இரண்டாவது காரணமும் உண்டு; இதைப் பலர் கவனிப்பதில்லை. சேம்பர் அடைபடும் அதே வேளையில் சிங்க் குழாயும் தானாகக் கூடுதலாகத் திறந்துகொள்கிறது. கல்லீரல் நோய் முற்றும்போது குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகள் விரிகின்றன. நைட்ரிக் ஆக்ஸைடு போன்ற விரிப்பான்கள் அங்கே பெருகுவதே அதற்குக் காரணம். வெளியேறும் வழி குறுகும்போது உள்ளே வரும் வெள்ளம் கூடுகிறது. அழுத்த வேறுபாடு 10ஐத் தொட்டால் சிரைகள் புடைக்கத் தொடங்கும். 12ஐத் தாண்டினால் உணவுக்குழாயில் புடைத்தவை வெடிக்கக்கூடும்.

உடலில் போர்ட்டல் மண்டலமும் பொது இரத்த ஓட்டமும் கைகோக்கும் சில சந்திப்புகள் உண்டு. உணவுக்குழாயின் அடிப்பகுதி, மலக்குடல், தொப்புள், வயிற்றின் பின்சுவர் ஆகியவை அவை. சாதாரண நாட்களில் அங்கே நூலிழைச் சிரைகள்தாம் இருக்கும். அடைப்பு வந்தபின் திருப்பிவிடப்பட்ட வெள்ளம் இவை வழியே பாய்கிறது. மெல்லிய சுவருள்ள சிரை அகலமாக அகலமாக அதன் சுவரின் மேல் விழும் இழுவை கூடிக்கொண்டே போகும். ஆகவே பெரிய புடைப்பு, சிறியதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வெடிக்கலாம்.

உணவுக்குழாய்ப் புடைப்பு அனைவரும் அறிந்தது. எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் வேரிசஸ் என்று எழுதியிருக்கும். வெடித்தால் வாய் வழியாக இரத்த வாந்தி வரும், பிறகு கருப்பாக, பிசுபிசுப்பாக மலம் போகும். எண்டோஸ்கோபி வழியாக ரப்பர் வளையம் மாட்டி அதை நிறுத்துவது இன்று பல ஊர்களில் நடக்கும் சிகிச்சை. இதை இத்துடன் விட்டு, அதிகம் பேசப்படாத இடங்களுக்குப் போகலாம்.

இரைப்பையின் மேல்முகட்டில் வரும் புடைப்பு வேறு ரகம். டெல்லியில் ஷிவ் குமார் சரின் குழுவினர் 568 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1992இல் வெளியிட்ட ஆய்வின் வகைப்பாட்டை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அந்த நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு இரைப்பைப் புடைப்பு இருந்தது. உணவுக்குழாய்ப் புடைப்புகள் 64 சதவீதம் பேரிடம் கசிந்தபோது, இரைப்பைப் புடைப்புகள் 25 சதவீதம் பேரிடமே கசிந்தன. ஆனால் கசிந்தபோது கொட்டிவிட்டது. ஒருவருக்குச் சராசரியாக ஏற்ற வேண்டியிருந்த இரத்தம் 2.9 யூனிட்டுக்குப் பதிலாக 4.8 யூனிட். முகட்டில் உள்ள இந்தச் சிரைகள் ஆழமாகவும் அகலமாகவும் இருப்பதால் ரப்பர் வளையம் சரியாகப் பிடிக்காது. அழுத்தம் 12க்குக் கீழே இருக்கும்போதும் இவை வெடித்துவிடுகின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நிப் சோஹென்ட்ரா குழுவினர் 1986இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். இரத்தம் பட்ட நொடிகளில் இறுகும் சயனோஅக்ரிலேட் பசையை எண்டோஸ்கோப் ஊசியால் சிரைக்குள்ளேயே செலுத்துவது அந்த வழி. நம் மருத்துவமனைகளில் ‘குளூ போட்டாங்க’ என்று நோயாளியின் உறவினர்கள் சொல்வது இதைத்தான்.

உணவுக்குழாய், இரைப்பை இரண்டுக்கும் அப்பாற்பட்ட இடங்களில் வரும் புடைப்புகள், மொத்தப் புடைப்புக் கசிவுகளில் 1 முதல் 5 சதவீதம். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் சிறியது என்பதாலேயே யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, அதனாலேயே ஆபத்து பெரிது.

மலக்குடலை எடுத்துக்கொள்வோம். கல்லீரல் நோயாளிக்கு மலத்துடன் சிவப்பாக இரத்தம் வந்தால் வீட்டில் எல்லோரும் மூலம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். மூலம் என்பது ஆசனவாயில் எல்லோருக்கும் இயல்பாக இருக்கும் இரத்தநாள மெத்தைகள் சரிந்து வீங்குவது. போர்ட்டல் அழுத்தத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. மலக்குடல் புடைப்போ அதற்கு மேலே, குடல் சுவரில், திருப்பிவிடப்பட்ட கல்லீரல் வெள்ளம் பாயும் சிரை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். ஆனால் புடைப்பை மூலம் என்று நினைத்து வெட்டினாலோ, பவுத்திரம்-மூலம் போர்டு மாட்டிய இடத்தில் ஊசி போட்டு எரித்தாலோ, அழுத்தத்தில் இருக்கும் பைப்பில் துளை போட்டதாகிவிடும். பெரும்பாலான மலக்குடல் புடைப்புகள் கசிவதே இல்லை. கசிபவற்றைக் கையாள கல்லீரல் தெரிந்த மருத்துவர் வேண்டும்.

பழைய ஒட்டுகளும் கசியும். முன்பு வயிற்றில் அறுவை நடந்தவர்களுக்குக் குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்வதுண்டு. இயற்கையாக இல்லாத அந்த ஒட்டின் வழியே போர்ட்டல் இரத்தம் பொது ஓட்டத்துக்குள் புதுப் பாதை போட்டுக்கொள்கிறது. கல்லீரல் நோய் இருக்கிறது, வயிற்றில் பழைய அறுவைத் தழும்பு இருக்கிறது, வாந்தியில் இரத்தம் இல்லை, ஆனால் மலத்தில் நிறைய இரத்தம் போகிறது: இவை எல்லாம் சேர்ந்தால் சிறுகுடல் புடைப்பை நினைக்க வேண்டும். சாதாரண எண்டோஸ்கோபியும் கொலோனோஸ்கோபியும் எட்டாத இடம் அது. இரண்டும் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தபின்னும் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகும். சிரைகளைக் காட்டும் சி.டி. ஸ்கேன்தான் அப்போது வழிகாட்டும். குடலை வயிற்றுச் சுவரில் திறந்து பை மாட்டியிருப்பவர்களுக்கு அந்தத் திறப்பின் ஓரத்திலேயே சிரை புடைத்துக் கசியும். சுற்றிலும் தோல் ஊதா நிறமாக மாறியிருப்பது அடையாளம். கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்களில் மிக அரிதாகப் பிறப்புறுப்பின் மேல்முனையில் இதே மாதிரி கசிவு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சிறுநீர்ப்பைச் சுவரில் புடைத்துச் சிறுநீரில் இரத்தம் வந்தவர்களும் உண்டு.

தொப்புள் கதை எனக்கு வியப்பானது. கருவில் இருக்கும்போது தாயின் நச்சுக்கொடியிலிருந்து இரத்தம் கொண்டுவந்த சிரை பிறந்தபின் மூடிக்கொள்கிறது. அது, பயன்பாடு முடிந்து மூடிபோட்டு அடைத்த பழைய லைன். அதை ஒட்டி ஓடும் சிறு சிரைகள், கல்லீரலில் அழுத்தம் ஏறினால் பல பத்தாண்டுகள் கழித்து விரிந்து திறந்துகொள்கின்றன. தொப்புளைச் சுற்றி நெளிநெளியாகச் சிரைகள் தெரிவது இதனால்தான். ஸ்டெதஸ்கோப்பை அங்கே வைத்தால் சிலருக்கு இடைவிடாத இரைச்சல் கேட்கும். பெரும்பாலும் இவை தொந்தரவு தருவதில்லை. ஆனால் வயிற்றில் நீர் கோத்து, தொப்புள் பிதுங்கி, தோல் மெலிந்தவர்களுக்கு அந்த இடம் உரசியோ புண்ணாகியோ வெளியே இரத்தம் பீய்ச்சலாம். சுத்தமான துணியை மடித்து நேராக அதன்மேல் வைத்து விடாமல் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சள் தூளோ காப்பித் தூளோ வைத்துக் காத்திருக்கக் கூடாது.

இவை எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது, இரத்தமே கண்ணுக்குத் தெரியாத கசிவு. சுவருக்குள் பைப் உடைந்தால் தரை நனையாது. குடலைத் தாங்கும் சவ்விலோ வயிற்றின் பின்சுவரிலோ உள்ள சிரை வெடித்தால் இரத்தம் குடலுக்குள் போவதில்லை, வயிற்று அறைக்குள் கொட்டுகிறது. வாந்தி இல்லை, கருமலம் இல்லை. திடீர் வயிற்று வலி, சில மணி நேரத்தில் வயிறு உப்புதல், முகம் வெளிறுதல், எழுந்தால் மயக்கம். ஏற்கெனவே வயிற்றில் நீர் கோத்தவர் என்பதால் ‘தண்ணி கூடிடுச்சு’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஊசியால் சிறிது நீர் எடுத்துப் பார்த்தால் சிவப்பாக இரத்தமே வரும். நிறைய நீரை ஒரேயடியாக வடித்தபின் வயிற்றின் உள்ளழுத்தம் திடீரென்று குறைந்து, சிரை தாங்காமல் வெடித்த நிகழ்வுகளும் உண்டு. கல்லீரலில் புற்றுக்கட்டி இருந்து அது வெடித்தாலும் இதே தோற்றம்தான் வரும் என்பதால், ஸ்கேன் பார்க்காமல் எதையும் முடிவுசெய்ய முடியாது.

இதற்கு நேர் எதிரானது ஓதம். இரைப்பையின் உட்சவ்வு முழுதும் சிறு நாளங்கள் விம்மி, எண்டோஸ்கோபியில் பாம்புச் செதில் போன்ற கோலத்துடன் தெரியும். எங்கும் வெடிக்காது, கொட்டாது, ஊறிக்கொண்டே இருக்கும். நோயாளி சோர்ந்திருப்பார், படியேறினால் மூச்சு வாங்கும், இரும்புச்சத்து மாத்திரை எத்தனை மாதம் சாப்பிட்டாலும் இரத்தசோகை போகாது. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துதான் இவருக்குப் பலன் தரும்.

சேம்பர் சுத்தமாக இருந்தும் ஒரே ஒரு கிளை லைன் அடைபடுவதும் உண்டு. மண்ணீரல் சிரை கணையத்தின் முதுகை ஒட்டி ஓடுகிறது. கணையம் நாள்பட அழன்றால் அந்தச் சிரைக்குள் இரத்தம் உறைந்து வழி மூடும். கேரளத்திலும் தமிழகத்திலும் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த, மது தொடாத இளைஞர்களுக்கும் வரும் கல் விழுந்த கணைய நோயிலும் இது நிகழும். மண்ணீரலின் இரத்தம் மட்டும் திசைமாறி இரைப்பை முகட்டில் புடைக்கிறது. கல்லீரல் பரிசோதனைகள் எல்லாம் இயல்பாக வரும். இங்கே மண்ணீரலை அகற்றினால் பிரச்சினை அடியோடு தீர்ந்துவிடும். சில குழந்தைகளுக்குப் போர்ட்டல் சிரையே கல்லீரல் வாசலில் உறைந்து மூடியிருக்கும். ஓடி விளையாடும் பிள்ளை திடீரென்று இரத்த வாந்தி எடுக்கும். கல்லீரல் நன்றாக இருப்பதால் அந்தக் குழந்தைகள் கசிவைத் தாங்கிப் பிழைக்கிறார்கள்.

இனி ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லீரல் கெட்டால் இரத்தம் உறையாது, அதனால்தான் கசிகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். இரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு கூடியிருப்பதைப் பார்த்துப் பதறி, அதைச் சரிசெய்ய பை பையாகப் பிளாஸ்மா ஏற்றுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. உறையவைக்கும் பொருட்களைக் கல்லீரல் செய்கிறது என்பது மெய்தான். உறையாமல் தடுக்கும் பொருட்களையும் அதே கல்லீரல்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. ஐ.என்.ஆர். முதல் தட்டை மட்டும் நிறுத்துப் பார்க்கிறது. இத்தாலியின் மிலானில் அர்மாண்டோ ட்ரிபோடி குழுவினர் 2005இல் இரண்டையும் சேர்த்து அளந்தபோது, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய) நோயாளிகளின் இரத்தத்தில் உறைதலுக்கான திறன் ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. புடைப்புக் கசிவுக்கு முதற் காரணம் அழுத்தம். கூடுதலாக ஊற்றும் பிளாஸ்மா, அடைபட்ட லைனில் இன்னும் தண்ணீர் விடுவதற்குச் சமம். அதனால்தான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல் இதை வேண்டாம் என்கிறது.

இரத்தம் ஏற்றுவதிலும் இதே கணக்கு உண்டு. பார்சிலோனாவில் காந்திட் வில்யானுவேவா குழுவினர் இரைப்பைக் குடல் கசிவுடன் வந்த 921 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் மட்டும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் 95 சதவீதம் பேர் ஆறு வாரத்துக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். 9க்குக் கீழே போனதுமே தாராளமாக ஏற்றப்பட்டவர்களில் அது 91 சதவீதம். தாராளமாக ஏற்றப்பட்ட கல்லீரல் நோயாளிகளின் போர்ட்டல் அழுத்தம் உயர்ந்திருந்ததும் அளக்கப்பட்டது. ‘இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க டாக்டர்’ என்று கெஞ்சும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

மருத்துவமனையில் முதல் மணி நேரங்களில் நடப்பதை இந்த வரைபடத்தோடு பார்த்தால் காரணம் விளங்கும். டெர்லிப்ரஸின் அல்லது ஆக்ட்ரியோடைட் ஊசி குடல் தமனிகளைச் சுருக்கிக் குழாயைக் குறைக்கிறது. ஆன்டிபயாட்டிக், கசிவின்போது குடலிலிருந்து பரவும் கிருமிகளை அடக்குகிறது. உயிர் காப்பதில் அதன் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரிது. 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்து கசியும் இடத்தை அடைக்கிறார்கள். இவற்றுக்கு அடங்காவிட்டால், அல்லது எண்டோஸ்கோப் எட்டாத இடமானால், கழுத்துச் சிரை வழியாகக் கம்பி நுழைத்துக் கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரையையும், கல்லீரலிலிருந்து மேலே வெளியேறும் சிரையையும் ஒரு ஸ்டென்ட்டால் இணைக்கிறார்கள். டிப்ஸ் என்று இதைச் சொல்வார்கள். அடைபட்ட சேம்பரின் குறுக்கே தெருவுக்கு நேர் பைப் போடுவது இது. அழுத்தம் உடனே இறங்கும். ஆனால் வடிகட்டப்படாத இரத்தம் நேராக உடலுக்குள் போவதால் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அறிவு மங்கும், தூக்கம் மாறும், கை நடுங்கும். அந்த விலையைத் தெரிந்தே கொடுக்க வேண்டும். அசாதாரண இடத்துப் புடைப்புகளுக்கு நேர் பைப் மட்டும் போதாமல், அந்தப் புடைப்புக்கு இரத்தம் தரும் சிரையையும் சுருள்கம்பியாலோ பசையாலோ அடைக்க வேண்டியிருக்கும்.

கசிவு வராமலே காப்பது இதைவிட எளிது. பாரிஸ் அருகே டிடியே லெப்ரெக் 1980களின் தொடக்கத்தில் ப்ரோப்ரனலால் என்ற பழைய இதய மாத்திரை போர்ட்டல் அழுத்தத்தைக் குறைத்து மறு கசிவைத் தடுக்கிறது என்று காட்டினார். இன்று கார்வெடிலால் முன்னிலையில் இருக்கிறது. இரண்டும் விலை குறைந்த மாத்திரைகள். உணவுக்குழாயை மட்டுமல்ல, லைன் முழுவதையும் காப்பவை. ஒருமுறை வளையம் மாட்டியாயிற்று என்று மாத்திரையை நிறுத்திவிடுவது நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு. ஒரு வாயை மூடினால் வெள்ளம் அடுத்த வாயைத் தேடும். உணவுக்குழாய்ப் புடைப்புகளைக் கட்டியபின் இரைப்பைச் சவ்வின் வீக்கம் கூடுவது அறியப்பட்ட ஒன்று.

உங்கள் வீட்டில் கல்லீரல் நோயாளி இருந்தால் அவருடைய பழைய எண்டோஸ்கோபி, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் மாத்திரைச் சீட்டையும் ஒரே கோப்பில் வையுங்கள். பல் பிடுங்கவோ, மூலத்துக்கோ, குடலிறக்கத்துக்கோ எந்த மருத்துவரிடம் போனாலும் ‘இவருக்குக் கல்லீரல் பிரச்சினை இருக்கு’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள். இரத்தம் உடலின் எந்த வாசல் வழியாக வந்தாலும், மலம் கருத்தாலும், வயிறு திடீரென்று வலித்து உப்பினாலும், காலை வரை காத்திருக்காமல் அந்த இரவே எண்டோஸ்கோபியும் இரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.